தபேலா சேரும் வரை

என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் முழங்கால் வலி இருக்கும். ரொம்ப நேரம் உட்கார வைக்க மாட்டேன். ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். சொல்லாமல் வைத்திருந்து வைத்திருந்து எனக்கே அலுத்துவிட்டது.

போன மாதம் தில்லை நகரில் ஒரு ரிசப்ஷன். நம்மை எல்லாம் இப்போது யார் கூப்பிடுகிறார்கள், கூப்பிட்டால் போய்விட வேண்டியதுதான். மேடையில் ஒரு பெண் கீபோர்டில் எதையோ அழுத்தினாள். சிதார் சத்தம் வந்தது. கம்பியை இழுத்தால் எப்படி நெளியுமோ அப்படியே நெளிந்து வந்தது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. போட்டோ எடுக்க நின்றவர்கள் நின்றபடி நின்றார்கள், சாப்பாட்டு வரிசை வரிசையாகவே இருந்தது. எனக்கு மட்டும் கால் தானாக நாற்காலிக்கு அடியில் செருப்பைத் துழாவியது. பக்கத்தில் இருந்த பெண், “என்னக்கா, அதுக்குள்ள கெளம்பிட்டீங்களா?” என்றாள். “இல்லம்மா, பழக்க தோஷம்” என்றேன். அவளுக்கு அதற்கு மேல் என்ன சொல்வது.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. அப்பா மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய், புதுத்துணிக் கஞ்சி வாசனையோடு திரும்பி வருவார். அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். மாமாவை எட்டு வயதிலிருந்து அம்மாதான் வளர்த்தாள். எனக்கு முன்னாலேயே அம்மாவுக்கு ஒரு பிள்ளை இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மாமாவுக்கு ரயில்வேயில் வேலை. மூன்று வருஷம் வடக்கே போட்டிருந்தார்கள். மாற்றல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது ஒரு தகரப் பெட்டி, திருச்சி வெயிலுக்குக் கொஞ்சமும் உபயோகப்படாத ஒரு கம்பளி, அப்புறம் ஒரு சிதார். ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். எதிர்வீட்டு மாமி, கோயில் கைங்கர்யக் குடும்பம், வாசலில் நின்று பார்த்துவிட்டு, “என்னடீம்மா இது, வீணைக்குக் கழுத்து வளர்ந்துடுத்தா? பெருமாளே!” என்றாள். தெருவே சிரித்தது. மாமாவும் சிரித்தார்.

அதை நான் தொடக் கூடாது. ஆனால் மாமா குளிக்கப் போகும்போது தொடுவேன். மேலே உள்ள கம்பியைச் சுண்டினால், அடியில் இன்னொரு வரிசைக் கம்பிகள் யாரும் தொடாமலே ரீங்காரம் போடும். கொஞ்ச நேரம் காதை மரத்தில் வைத்துக்கொண்டு இருப்பேன். தேங்காயெண்ணெய் வாசனை வரும். மாமா இடது கைவிரலில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் வாசிப்பார், விரல் நுனியில் கறுப்பாகக் கோடு விழுந்திருக்கும். வலது கை ஆள்காட்டி விரலில் மடக்கிய கம்பி ஒன்று மாட்டிக்கொள்வார். அந்தக் கம்பி பாதி நாள் காணாமல் போகும். தேடி எடுத்துக் கொடுப்பது என் வேலை, பெருமைக்குரிய வேலை.

மாமா பெரிய வித்வான் எல்லாம் இல்லை. ராகம் தானம் என்று உட்காரத் தெரியாது. சினிமாப் பாட்டில் சிதார் எங்கெல்லாம் வருமோ அதெல்லாம் தெரியும், அவ்வளவுதான். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அப்போது எந்தப் பாட்டைத் திருப்பினாலும் அது இருந்தது. கதாநாயகி ஜன்னல் ஓரம் நின்றால் சிதார். கனவில் புகை வந்தால் சிதார். சாமியார் வந்தாலும் அதுதான், ஹோட்டலில் ஒருத்தி கண்ணாடிக் கோப்பையோடு ஆடினாலும் அதுதான். ஆனால் ஊரில் மெல்லிசைக் குழு வைத்திருந்தவர்களிடம் சிதார் கிடையாது. அந்த இடம் வந்தால் புல்புல் தாராவில் டிங்டிங்கென்று தட்டுவார்கள். கூட்டம் ஊளையிடும்.

மலைக்கோட்டை அடிவாரத்தில் அத்தர் கடை வைத்திருந்த ஒரு பாய் அப்படி ஒரு குழு நடத்தினார். அக்கார்டியன் வாசிப்பார், அதைத் திறந்து மூடும்போதெல்லாம் அத்தர் வாசனை அடிக்கும். மாமாவிடம் சிதார் இருக்கிறது என்று அப்பா மூலம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை மாடியில் ஒத்திகை. மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். கடைவீதி நெரிசலில் சிதாரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் நடப்பார், நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு போவேன்.

பாய் ஒரு தடவை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “வீணையை எடுத்தா கோயில் வந்துரும் தம்பி. வயலின் எடுத்தா கல்யாண வீடு வந்துரும். இத எடுத்தா எந்த ஊருன்னே தெரியாது. அதான் சினிமாக்காரங்க இத உடமாட்டேங்குறாங்க.” மாமா வந்த பிறகு பாய் குழுவுக்குக் கிராக்கி ஏறியது. பாட்டு ஆரம்பிக்கும் முன் சிதார் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், என்ன பாட்டென்று கண்டுபிடித்து முன்வரிசை விசிலடிக்கும். மாமா தலை குனிந்தபடியே இருப்பார். வாசிக்கும்போது அவருக்கு நிமிர்ந்து பார்க்க வராது.

அந்த வருஷம் ஒரு பெரிய தலைவர் காலமானார். யாரென்று சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் கட்சி கட்டிக்கொண்டு சண்டைக்கு வருவீர்கள். ரேடியோவில் வழக்கமான நிகழ்ச்சி எல்லாம் நின்றுபோயிற்று. நாள் முழுக்கச் சோக இசை. அதில் பாதிக்கு மேல் சிதார். தெருவில் யாருக்கும் வாத்தியத்தின் பெயர் தெரியாது. “சாவு மியூசிக்” என்றார்கள். அந்தச் சத்தத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னும் சில விஷயங்கள் வந்தன. கடைகள் படபடவென்று ஷட்டரை இறக்கின. பஸ்மீது கல் விழுந்தது. பஸ்கள் நின்றன. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மூட்டை முடிச்சோடு மாட்டிக்கொண்ட சனங்கள் இரண்டு நாள் தரையில் படுத்துக் கிடந்தார்கள்.

மாமா விவஸ்தை கெட்டுப்போய் அந்த வாரமே வீட்டில் சாதகம் பண்ணினார். பால்காரர் செம்பைக் கீழே வைத்துவிட்டு, “அடுத்தது யாரும்மா?” என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கு வந்த கோபத்தில் பாலையே திருப்பி அனுப்பிவிட்டாள். பத்து நாள் அந்த சிதார் அம்மாவின் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது. அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து மாமாவுக்குப் பெண் பார்க்க உப்பிலியபுரம் போனோம். பச்சைமலை தெரிகிற மாதிரி ஒரு வீடு, முற்றத்தில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா விவசாயம். பேச்சோடு பேச்சாக, தலைவர் இறந்த சமயத்தில் தானும் பெரியவரும் திருச்சியில் மாட்டிக்கொண்டு, துறையூர் வரை ஏதோ லாரியில் வந்து, அங்கிருந்து நடந்தே ஊர் வந்த கதையைச் சொன்னார். “பெரியவர்” என்றது அவருடைய அண்ணன். பக்கத்தில் இருந்த அந்தப் பெரியவர் தன் காலைத் தடவிக்கொண்டு, “இன்னமும் வீக்கம் வடியலைங்க” என்றார்.

“பொண்ணு பாடுமா?” என்று அம்மா கேட்டாள். கேட்க வேண்டுமே என்று கேட்பதுதான். அந்தப் பெண் கூச்சப்படாமல், “பாட வராதுங்க. கேப்பேன்” என்றது. அம்மாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. மாமாவுக்குப் பிடித்துவிட்டது என்பதும் தெரிந்தது. காபி டம்ளரைக் காலி பண்ணிய பிறகும் அவர் கீழே வைக்கவே இல்லை.

அவள் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் கொய்யாப்பழம் பறித்துக் கொடுத்தாள். மெதுவாகக் கேட்டாள். “உங்க மாமா அந்த வாத்தியம் வாசிக்கிறாராமே, நெசமா?” ஆமாம் என்றேன். அவள் ஒரு பாட்டைச் சொன்னாள். எந்தப் பாட்டு என்று கேட்காதீர்கள், அது எனக்கும் மாமாவுக்கும் உள்ளது. “எனக்குப் பாட்டு கூட வேணாம். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அந்தச் சத்தம் மட்டும் வரும் பாரு, அதான் பிடிக்கும். இப்பத்தான் நல்லா இருக்குன்னு காதைக் கொடுத்தா, டபக்குனு தபேலா வந்துருது” என்று குறைப்பட்டுக்கொண்டாள். நான் பஸ்ஸில் மாமாவின் காதில் அதை அட்சரம் பிசகாமல் சொன்னேன். துறையூர் வரும் வரை மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்னார்.

நிச்சயதார்த்தம். முறைப்படி பெண் வீட்டில்தான் வைக்க வேண்டும். ஆனால் பாய் குழுவினர் தங்கள் அன்பளிப்பாகக் கச்சேரி செய்கிறோம் என்று பிடிவாதம் பிடித்ததால் ஸ்ரீரங்கத்திலேயே ஒரு சின்ன மண்டபம் பிடித்தோம். பெண் வீட்டார் முப்பது பேர், தட்டுகளோடு காலையிலேயே வந்துவிட்டார்கள். பதினொன்றரைக்குத் தட்டு மாற்ற வேண்டும். அதுவரை பாட்டு. உள்ளே மூலையில் குழு உட்கார்ந்திருந்தது. ஒலிபெருக்கிக் குழாயை வழக்கம்போல வெளியே வேப்பமரத்தில், தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். நம் ஊர் வழக்கம் தெரியாதா, உள்ளே இருப்பவர்களைவிடத் தெருவுக்குத்தான் நன்றாகக் கேட்க வேண்டும்.

இரண்டு பாட்டு போனது. மூன்றாவதாக மாமா மாப்பிள்ளைச் சட்டையோடு போய் உட்கார்ந்தார். அவளுடைய பாட்டு. சிதார் ஆரம்பித்தது. சினிமாவில் அது அரை நிமிஷம்கூட வராது. தபேலாக்காரர் கையைத் தூக்கினார். மாமா தலை நிமிராமலே இடது முழங்கையால் வேண்டாம் என்று சைகை காட்டினார். பாய் அக்கார்டியனை அணைத்துக்கொண்டு சிரித்தார். மாமா இழுத்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். தபேலாவே இல்லை. அந்தப் பெண் எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சிவந்துபோன அவள் முகத்தை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அவள் வீட்டு ஆண்களுக்கு மரத்தில் கட்டிய குழாய் மட்டும்தான் தெரியும். பாட்டு சட்டென்று நின்று சாவு மியூசிக் வருகிறது, நிற்காமல் வருகிறது. ரேடியோவைத்தான் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தார்கள். பெரியவர்தான் முதலில் உள்ளே ஓடிவந்தார்.

“யாரோ பெரிய தலை போயிருச்சு! எந்திரிங்க, எந்திரிங்க! பஸ்ஸை நிறுத்திப்புடுவான்!”

அவ்வளவுதான். எதிர்ச்சாரியில் ஒரு மளிகைக்கடை ஷட்டரை இறக்கியது. அதைப் பார்த்து அடுத்த கடை. ஷட்டர் சத்தம் கேட்டதும் உள்ளே இருந்த பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள். ஒரு அம்மாள் யார் இறந்தார்கள் என்றே கேட்காமல் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பா, “இருங்க சம்பந்தி, ஒண்ணுமில்ல, நம்ம வீட்டுப் பையன்தான் வாசிக்கிறான்” என்று கத்தினார். யார் காதில் விழும்? முப்பது பேரும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை. அவளுடைய அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். இவள் நாற்காலியை விடவில்லை. “யாரும் சாகலம்மா, பாரும்மா, அவருதான்” என்றாள். அந்த அம்மாளுக்குக் காது கேட்கிற நிலைமை இல்லை. இவள் என்னைப் பார்த்தாள். நான் கிட்டே போனேன். “நான் எந்திரிக்கலைன்னு மாமாட்ட சொல்லு. எனக்காகத்தான் இழுத்து வாசிக்கிறாருன்னு தெரியுதுன்னு சொல்லு. மிச்சத்த இன்னொரு நாள் வந்து கேக்குறேன். மறக்காம சொல்லிரு பாப்பா.” அதற்குள் பெரியவர் வந்து இன்னொரு கையைப் பிடித்தார். இரண்டு பேருமாக இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். பாய் அவர் தோளைத் தொட்ட பிறகுதான் நிமிர்ந்தார். காலி நாற்காலிகள். மூலையில் அவர்கள் கொண்டுவந்த தட்டுகள், தேங்காய், பழம், கற்கண்டு, மாமாவுக்கு எடுத்த வேட்டி. வாசலில் ஜோடி சேராத செருப்புகள்.

அப்பா ஆட்டோ பிடித்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். துறையூர் பஸ்ஸில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் பூ விற்றுக்கொண்டிருந்தார்கள், கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டிருந்தார், ஒன்றும் நடக்கவில்லை. அவர்களுக்கும் அதற்குள் புரிந்துவிட்டது. அங்கேதான் காரியம் கெட்டது என்று இப்போது நினைக்கிறேன். நாலு பேர் பார்க்க ஓடிவந்துவிட்டோமே என்ற வெட்கம். அந்த வெட்கத்தோடு திரும்பி மண்டபத்துக்குள் எப்படி நுழைவது? கோபப்படுவது சுலபம். பெரியவர் ஜன்னல் வழியாகச் சொன்னாராம். “நல்ல காரியத்துல எழவு மேளம் வாசிக்கிற வீட்டுல பொண்ணு கொடுக்கிறதா இல்லீங்க.” பஸ் கிளம்பிவிட்டது.

அன்று சாயங்காலம் அம்மா அடுப்படியில் அந்தக் கற்கண்டை ஒரு டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தாள். நான் போய் அந்தப் பெண் சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மாவின் கை நின்றது.

“மாமாட்ட சொல்லிட்டியா?”

“இல்லம்மா.”

“சொல்லாத. முடிஞ்சு போச்சு. இதச் சொன்னா அவன் அங்க போய் நிப்பான், அவங்க இன்னொரு தரம் அவன அசிங்கப்படுத்துவாங்க. என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். பத்து வயதில் அம்மாவின் தலை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு மாதம் கழித்துத் தரகர் வந்தார். “அந்தப் பொண்ணு வேற இடம் வேணாம்னு ஒத்தக்கால்ல நிக்குதாம். பெரியவரும் எறங்கி வந்துட்டாரு. தம்பி ஒரு நடை நேர்ல வந்து ஒரு வார்த்தை பேசினா முடிஞ்சிரும்” என்றார். மாமா சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். “என் பாட்டக் கேட்டு ஓடுனவங்க பின்னாடி நான் எதுக்குங்க ஓடணும்? அந்தப் பொண்ணாவது ஒரு நிமிஷம் நின்னு பாத்திருக்கலாம்ல” என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். தரகருக்குக் காபி ஆற்ற உள்ளே போய்விட்டாள்.

அம்மா கெட்டவள் இல்லை. அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்தபோது மாமாவின் முகம் எப்படி ஆனது என்பதை அவளால் இரண்டாம் தடவை பார்க்க முடியாது, அவ்வளவுதான். அந்தத் தைரியம் அவளுக்கு இல்லை. அதை ஒரு பத்து வயதுப் பெண்ணின் தலையில் கட்டினாளே என்று எனக்கு ஐம்பது வயது வரை கோபம் இருந்தது. இப்போது கோபப்படவும் தெம்பில்லை.

அடுத்த வருஷம் மாமாவுக்கு லால்குடியில் பெண் எடுத்தோம். நல்ல மனுஷி, கறாரான மனுஷி, நாற்பத்து மூன்று வருஷம் குறையில்லாமல் குடும்பம் நடத்தினாள். போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. சிதாரைப் பாய் வந்து எடுத்துக்கொண்டு போனார். அவர் குழு கலைந்த பிறகு அது எங்கே போயிற்றோ தெரியாது. விரலில் மாட்டுகிற அந்தக் கம்பி மட்டும் என் ஜியாமெட்ரி பாக்ஸில் ரொம்ப நாள் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

ரிசப்ஷனுக்குப் போய்வந்த மறுநாள் மாமாவைப் பார்க்கப் போனேன். மகன் வீட்டில், லிஃப்ட் வைத்த ஃப்ளாட்டில் இருக்கிறார். எழுபத்தாறு வயது. காதில் மெஷின், அதையும் பாதி நேரம் கழற்றி வைத்துவிடுவார். மருமகள் டீ கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா காலமாகி எட்டு வருஷம் ஆகிவிட்டது, சத்தியத்துக்கு இனி என்ன கணக்கு என்று தோன்றியது. சொன்னேன். காதோடு சொல்ல வேண்டிய விஷயத்தை அடுப்படி வரை கேட்கக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

மாமா மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, “இன்னொரு தரம் சொல்லு” என்றார். சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டார்.

“எந்திரிக்கவே இல்லையா?”

“இல்ல மாமா. ரெண்டு பேரு இழுத்துத்தான் போனாங்க.”

“நான் நிமிந்தப்ப எல்லா நாற்காலியும் காலி பாப்பா.”

“தெரியும் மாமா.”

டீ ஆறிப்போய் மேலே ஆடை கட்டியது. மாமா அதை விரலால் ஒதுக்கினார்.

“மிச்சம் பெருசா ஒண்ணும் இல்ல” என்றார். “ரெண்டு நிமிஷம்தான் இருந்துச்சு. அப்புறம் தபேலா சேந்திருக்கும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வயதில் மருமகள் பார்க்க அழுதேன். மாமா அழவில்லை. காதில் மெஷினைச் சரிபண்ணிக்கொண்டு, திடீரென்று கேட்டார்.

“அக்காவுக்குத் தெரியுமா இது?”

அவர் தலைமாட்டில் அம்மாவின் போட்டோ மாட்டியிருந்தது. பிளாஸ்டிக் மாலை. தினமும் காலையில் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் காபி குடிப்பார் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“தெரியாது மாமா. நான் யார்ட்டயும் சொல்லல. மறந்துட்டேன்.”

மாமா என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்.

“அழாத. பத்து வயசுப் புள்ள, மறக்காம என்ன செய்யும்?” என்றார்.